தாவோதிங்மாங் தமிழன் அல்லன்

சிட்னியில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பெண்டில் ஹில் பக்கம் ஒரு சமூகக்கூடம். நூறு பேர் இருப்பார்கள். என்னை மேடைக்கு அழைத்தவர், "மணிப்பூரை ஆண்ட தமிழ் மன்னனைக் கண்டுபிடித்த மல்லிகா அம்மா" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். கைதட்டல் எழுந்தது. நான் அப்படி யாரையும் கண்டுபிடிக்கவில்லை. "தம்பி, அது தப்பு" என்று சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் அதே மனிதர்தான் விடியற்காலையில் விமான நிலையத்தில் சால்வையோடு நின்றவர். அவர் மனைவி கொடுத்த இடியாப்பமும் சொதியும் வயிற்றில் இன்னும் சூடாக இருந்தன. சாப்பிட்ட வாய் எதிர்த்துப் பேசவில்லை. இருபது நிமிடம் ஆறுகளைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கினேன். பிரியாணிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தபோது ஒரு பெரியவர், "எங்க போனாலும் நம்மாளுங்கதாம்மா" என்று பூரித்தார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

நான் மோரேயில் பிறந்தவள். மணிப்பூரில், பர்மா எல்லையை ஒட்டிய ஊர். பர்மாவைவிட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்து, இங்கே பிழைக்க வழியில்லாமல் மறுபடி பர்மாவுக்கே போகப் பார்த்து, எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இம்பாலில் விடுதியில் தங்கிப் படித்தேன். மைதேயி மொழி அங்கே சோற்றோடு சேர்ந்து உள்ளே போனது. கல்யாணம் என்னைச் சென்னை வியாசர்பாடிக்குக் கொண்டுவந்தது. முப்பது வருடம் பள்ளியில் பாடம் எடுத்தேன். ஓய்வுக்குப் பிறகு ஐந்து வருடம் உட்கார்ந்து, தாவோதிங்மாங் என்ற மைதேயி அரசனின் பழங்கதைகளைத் தமிழில் எழுதினேன்.

மைதேயிகள் மணிப்பூர்ச் சமவெளியின் மக்கள். அவர்களுடைய அரண்மனை ஏடு அவனை மிகப் பழைய அரசர்களின் வரிசையில் வைத்து, நூறு ஆண்டு ஆண்டான் என்கிறது. மனிதன் நூறு ஆண்டு ஆள முடியுமா என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. என்னைப் பிடித்துக்கொண்டது வேறு விஷயம். மண்மேடிட்டுப் போன இரில் ஆற்றையும் இம்பால் ஆற்றையும் அவனும் அவன் அண்ணன் யோய்மோங்பாவும் தூர்வாரினார்கள் என்கிறது கதை. ஆள் அனுப்பிவிட்டு அரண்மனையில் உட்காரவில்லை. தாங்களே ஆற்றோடு போனார்கள். வழியில் ஆட்களைத் தூக்கிப்போய்த் தின்னும் ராட்சதப் பறவை ஒன்றைக் கொன்றார்கள் என்றும் உண்டு.

மெல்பர்னில் ஒரு தமிழ்ச் சங்கம் அந்தக் கையெழுத்துப் பிரதியைப் புத்தகமாகப் போடுவதாகச் சொல்லித்தான் என்னை அழைத்திருந்தது. சிட்னி கூட்டம் இடையில் ஒட்டிக்கொண்டது.

சிட்னியிலிருந்து மெல்பர்னுக்குப் பகல் ரயில். விமானத்தில் போயிருந்தால் ஒன்றரை மணி நேரம். நாட்டைப் பார்க்க ஆசைப்பட்டு நான்தான் ரயில் கேட்டேன். எங்கோ தண்டவாளத்தில் மரம் விழுந்துவிட்டது என்று நடுக்காட்டில் நிறுத்திவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே ஆடுகள். நம் ஊராக இருந்தால் பத்தாம் நிமிடத்தில் சுண்டல்காரர் வந்திருப்பார், இருபதாம் நிமிடத்தில் பாதிப் பேர் இறங்கித் தண்டவாளத்தில் அரசியல் பேசிக்கொண்டிருப்பார்கள். இங்கே ஒருவரும் அசையவில்லை. பக்கத்து இருக்கையில் ஆட்டுப்பண்ணை வைத்திருக்கும் வெள்ளைக்கார அம்மாள். என் வேலையைக் கேட்டார். சொன்னேன்.

"உங்களுடைய ராஜாவா?" என்றார்.

"இல்லை. பக்கத்து வீட்டு ராஜா."

"அப்படியானால் அந்த வீட்டுக்காரர்கள் என்ன சொல்கிறார்கள்?"

சிட்னி மேடையை நினைத்துக்கொண்டேன். அவர் தன் பையிலிருந்து கேரட் கேக்கை வெட்டி ஒரு துண்டு நீட்டினார். ரயில் நகர்ந்தது.

மெல்பர்னில் மல்கிரேவில் எனக்குத் தங்கல். வீட்டுக்காரி வசந்தி, யாழ்ப்பாணத்துப் பெண். முதியோர் இல்லத்தில் தாதி. அவள் பிள்ளைகள் இருவரும் சங்கத்தின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறவர்கள். முதல் நாள் காலை அவள் குசினியில் (சமையலறையை அப்படித்தான் சொல்கிறாள்) புட்டு அவித்துக்கொண்டிருந்தபோது, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன் என்று கிளம்பினேன். மூன்றாவது வீட்டைத் தாண்டுவதற்குள் கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று பின்னாலிருந்து பாய்ந்து வந்து என் மண்டையில் ஒரு போடு போட்டது. திரும்பி ஓடிவந்தேன்.

"ஐயோ, சொல்ல மறந்து போனன் அக்கா. அது மேக்பை. குஞ்சு பொரிக்கிற காலம். இஞ்ச ஆக்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் நடக்கிறவை" என்று சிரித்தாள் வசந்தி. தலையில் மஞ்சள் பூசிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, தேங்காய்ப்பூ தூக்கலாகப் போட்ட புட்டைச் சாப்பிட்டேன். மணமான கத்தரிக்காய்க் குழம்பு. வியாசர்பாடியில் புட்டு என்றால் சர்க்கரை போட்ட தின்பண்டம். இவர்களுக்கு அது சாப்பாடு.

மறுநாள் பிற்பகல் வசந்தி வேலையிலிருந்து வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று தணிந்த குரலில், "அக்கா, உங்களைத் தேடி ஒருத்தி வந்திருக்கிறாள். என்னோட வேலை செய்யிறவள். நல்ல பிள்ளை, ஆனா இண்டைக்குச் சண்டைக்கு வந்து நிக்கிறாள்" என்றாள்.

அவளுக்குப் பின்னால், முதியோர் இல்லச் சீருடையோடு முப்பது வயதுப் பெண். கையில் கைப்பேசி. முகத்தைப் பார்த்ததுமே மணிப்பூர் என்று தெரிந்தது. கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி ஆங்கிலத்தில், "இதை எழுதியது நீங்களா?" என்று கேட்டாள்.

சங்கத்தின் துண்டுப்பிரசுரம். நான் அதை அப்போதுதான் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கான அழைப்பு. என் புகைப்படம். அதன் மேலே தமிழிலும் ஆங்கிலத்திலும் கொட்டை எழுத்தில்: "மணிப்பூரை ஆண்ட தமிழ் மன்னன்." அதன் கீழே தாவோதிங்மாங் பெயர். நான் கொடுத்திருந்த தலைப்பு "ஆற்றில் இறங்கிய அரசன்".

"எங்களிடம் இருப்பது கொஞ்சம். அதையும் எடுத்துக்கொள்ள உங்களுக்கு எப்படி மனம் வந்தது?" என்றாள்.

நான் மைதேயியில் பதில் சொன்னேன். இந்தத் தலைப்பை நான் வைக்கவில்லை, ஆனால் சிட்னியில் இதையே என் காதுபடச் சொன்னபோது சும்மா இருந்தேன், அந்தத் தவறு என்னுடையது என்றேன். அவள் வாய் திறந்தபடியே நின்றாள். மல்கிரேவில் ஒரு தமிழ்க்கிழவி இம்பால் கடைத்தெரு உச்சரிப்பில் பேசுவாள் என்று யார்தான் எதிர்பார்ப்பார்கள்? நான் தொடர்ந்து, "சாக் சாரப்ரா?" என்று கேட்டேன். சாப்பிட்டாயா என்று பொருள். கோபம் தணியாமலேயே, "இல்லை" என்றாள்.

அவள் பெயர் லிந்தோய். வசந்தி எங்கள் இருவரையும் காரில் ஏற்றி ஸ்பிரிங்வேலுக்குக் கொண்டுபோனாள். அந்தக் கடைத்தெருவில் வியட்நாம்காரர்கள், கம்போடியர்கள், நடுவே நம் ஆட்கள். மீன்கடைத் தண்ணீர் நடைபாதையில் ஓடுகிறது. அன்னாசியும் கொத்தமல்லியும் கூவி விற்கிறார்கள். மெல்பர்னில் எனக்கு ஊர் போலத் தோன்றிய ஒரே இடம் அதுதான். ஒரு கடையின் உறைபெட்டிக்குள் கையைவிட்டு லிந்தோய் பச்சைக் கொட்டைப் பாக்கெட் ஒன்றை எடுத்தாள். யோங்சாக்! மணிப்பூரில் நீள நீளமாகத் தொங்கும் மரத்து அவரை. நாற்றம் தெரு முழுக்க வீசும், ருசி நாக்கைவிட்டுப் போகாது. அதோடு புளித்த மீன் ஒரு போத்தல். வசந்தி மோந்து பார்த்துவிட்டு, "கருவாடு எங்கட வீட்டில நாறினா நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ, நானும் இதுக்கு ஒண்டும் சொல்லமாட்டன்" என்றாள்.

வசந்தியின் குசினியில் லிந்தோய் உருளைக்கிழங்கையும் யோங்சாக்கையும் மிளகாயும் மீனும் சேர்த்து மசித்து இரோம்பா செய்தாள். சாப்பிட்டு முடித்த பிறகு என்னிடம், "இச்சே" என்றாள். அக்கா என்று அர்த்தம். "ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேர் வருகிறோம். நீங்கள் மேடையில் அந்தத் தலைப்பை மறுக்காவிட்டால், நாங்கள் எழுந்து மறுப்போம்."

"நீங்க எழுந்திருக்க வேண்டியிருக்காது" என்றேன்.

சனிக்கிழமை செல்வநாதன் அங்கிள் வந்தார். சங்கத்தின் தலைவர். எழுபத்தைந்து வயது இருக்கும். சலவை செய்த வெள்ளைச் சட்டை, கையில் பப்பாளிப்பழம். வசந்தி தேநீர் வைத்தாள். தலைப்பை மாற்றுங்கள் என்று நான் நேரடியாகவே கேட்டேன்.

"பதாகை அடிச்சாச்சு, பிள்ளை" என்றார். "அதோட, அதில என்ன பிழை? நீங்களே எழுதியிருக்கிறியள், அவையின்ர பாசையில ஆத்துக்குத் துரேல் எண்டு பேர். எங்கட துறைதானே அது? தாவோதிங்மாங் எண்டால் தாய்த்திங்கள் மகன். நான் ரெண்டு கிழமை இருந்து ஆராய்ஞ்சனான்."

"ஒலி ஒத்துப்போனா உறவாயிடுமா அங்கிள்? அந்தப் பேருக்கு அவங்க மொழியில அவங்க அர்த்தம் சொல்லுவாங்க. அவங்கள ஒருத்தரையாவது கேட்டீங்களா?"

அவர் தேநீரைக் கீழே வைத்தார். "பிள்ளை, நீங்கள் இந்தியாவில இருந்து வந்தனீங்கள். உங்களுக்கு நாடு இருக்கு. எங்கட பிள்ளையள் இஞ்ச வெள்ளைக்காரப் பள்ளிக்கூடத்தில தலை குனிஞ்சு திரியுதுகள். அதுகளுக்கு நான் ஒரு ராசாவைக் காட்ட வேண்டாமோ?"

"எனக்கு நாடு இருக்கா? எங்கப்பா பர்மாவில இந்தியாக்காரர். மோரேயில வெளியூர்க்காரர். வியாசர்பாடியில என்னை இன்னைக்கும் பர்மாக்காரின்னுதான் கூப்பிடறாங்க. அதுக்காக அடுத்த வீட்டு ராஜாவைத் தூக்கிட்டு வந்து எங்க வீட்டுல உட்கார வைக்க முடியுமா?"

"அப்ப 'தமிழ் மன்னனா?' எண்டு ஒரு கேள்விக்குறி போடுவம். நீங்கள் 'இருக்கலாம்' எண்டு ஒரு சொல் சொன்னாப் போதும்."

"மாட்டேன்."

"புத்தகம் சங்கத்தின்ர காசில வாறது."

"தெரியும் அங்கிள்."

அவர் பப்பாளியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கோபத்திலும் பழத்தைத் திருப்பி எடுத்துப் போகவில்லை. வசந்தி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் அவளிடம், நான் போய்விடுவேன், நீ ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டுமே என்றேன்.

அவள் திரும்பாமலே சொன்னாள். "எங்கட ஊரின்ர தமிழ்ப் பெயரை அழிச்சு வேற பெயர்ப் பலகை போட்டவங்கள் அக்கா. நான் சின்னப் பிள்ளை. அப்பா அதைப் பார்த்துக்கொண்டு றோட்டில நிண்டவர். வீட்ட வந்தும் கதைக்கேல்லை. நீங்கள் சொல்லுங்கோ. என்னைப் பற்றி யோசியாதேங்கோ."

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. பதாகை மாறவில்லை. மேடையின் முழு அகலத்துக்கும் தொங்கியது. கடைசி வரிசையில் லிந்தோயும் மூன்று பெண்களும், மைதேயிப் பெண்கள் இடுப்பில் சுற்றும் கோடுபோட்ட ஃபனேக் உடுத்தி, கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

நான் வணக்கம் சொன்ன கையோடு, "எனக்குப் பின்னால் தொங்குவது பொய்" என்றேன். "தாவோதிங்மாங் தமிழன் அல்லன். அவன் மைதேயி அரசன். அவனுடைய மக்கள் இதோ இந்தக் கூடத்திலேயே இருக்கிறார்கள். சிட்னியில் இதைச் சொல்லாமல் விட்டேன். அதற்கு அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

பின்வரிசைக்காக அதையே மைதேயியிலும் திருப்பிச் சொன்னேன். சலசலப்பு. முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "அப்ப நீங்கள் ஆர்? தமிழச்சி இல்லையோ?"

"தமிழச்சிதான். அதனாலதான் இதை நான் சொல்லணும். நம்ம ஊருக்கு வேற யாரோ வேற பேரு வெச்சா நமக்கு வலிக்குது. நம்ம கோயிலை, நம்ம குளத்தை, எங்களதுன்னு இன்னொருத்தன் பலகை மாட்டினா நாம ஊர்வலம் போறோம். அதே பலகையை நாம அடுத்தவங்க வாசல்ல மாட்டலாமா?"

அதற்குள் செல்வநாதன் அங்கிள் பக்கவாட்டுப் படியில் ஏறி, ஒலிபெருக்கியின் விசையை அணைத்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை, தானே போய் அணைத்தார். என் குரல் சட்டென்று சிறியதானது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருடம், மின்விசிறி கடகடக்கும் வகுப்பறையில் அறுபது பிள்ளைகளுக்குக் கேட்கும்படி கத்திய தொண்டை இது. மேடையின் விளிம்புக்கு வந்து நின்றேன். இருபது, முப்பது பேர் எழுந்து வெளியே போனார்கள். மீதிப் பேருக்குத் தமிழிலும், பின்வரிசைக்கு இடையிடையே மைதேயியிலும் சொன்னேன்.

ஆறு தூர்ந்து, வெள்ளம் வயலுக்குள் புகுந்து, ஊர்கள் ஒன்றுக்கொன்று போக வழியில்லாமல் கிடந்ததைச் சொன்னேன். அரசன் அரியணையிலிருந்து இறங்கியதைச் சொன்னேன். அண்ணனும் தம்பியும் ஆற்றோடு ஊர் ஊராகப் போனதையும், அடைப்பை எடுக்க எடுக்கத் தண்ணீர் வழி கண்டதையும் சொன்னேன். நூறு ஆண்டு ஆண்டான் என்ற ஏட்டின் கணக்கை யாரும் நம்ப வேண்டாம். ஒரு ஜனம் தன் அரசனை எதற்காக நினைவில் வைத்திருக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள் என்றேன். போரில் எத்தனை தலை விழுந்தது என்பதற்காக அல்ல. ஆற்றைத் திறந்துவிட்டதற்காக.

முடித்ததும் பின்வரிசையில் லிந்தோய் எழுந்தாள். ஆங்கிலத்தில் சொன்னாள்: "டீச்சர் ஒரு தப்புச் செய்துவிட்டார். கதை முழுக்கத் தம்பியை முன்னால் நடக்கவிட்டார். எங்கள் வீட்டில் இருவர் பெயரையும் சேர்த்துத்தான் சொல்வோம், அண்ணன் பெயர் முதலில். யோய்மோங்பா, தாவோதிங்மாங். புத்தகம் போட்டால் திருத்திக்கொள்ளுங்கள்."

"திருத்திக்கொள்கிறேன்" என்றேன். இந்தப் பயணத்தில் என்னை மகிழ்வித்த ஒரே கண்டனம் அது. வசந்தி தனியாக எழுந்து நின்று கைதட்டினாள். பிறகு இன்னும் சிலர்.

மறுநாளே சங்கத்திலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. புத்தகத் திட்டம் கைவிடப்படுகிறது. இரண்டு வரிதான். படித்துவிட்டு, பப்பாளியை வெட்டிச் சாப்பிட்டேன். நன்றாகவே இனித்தது.

அன்று நகரின் மறுகோடியில், டார்னெய்ட்டில், லிந்தோய் வீட்டில் விருந்து. தனியாகவே போகிறேன் என்று ரயிலேறினேன். தூங்கிப்போய் ஒரு நிலையம் தாண்டி இறங்கி, காற்றில் நடுங்கிக்கொண்டு நின்றேன். காலையில் வெயில், பத்து மணிக்கு மழை, பன்னிரண்டுக்கு ஆலங்கட்டி. இந்த ஊர்க்காரர்கள் இதைப் பெருமையாக வேறு சொல்கிறார்கள். லிந்தோய் காரில் வந்து ஏற்றிக்கொண்டாள். வீட்டில் பத்துப் பன்னிரண்டு மைதேயிகள். கறுப்பரிசிப் பாயசம். எந்த ஆற்றில் முதலில் இறங்கினார்கள், இரிலா இம்பாலா என்று அவர்களுக்குள்ளேயே பெரும் சண்டை. அந்தப் பறவை நிஜம் என்று ஒரு மென்பொருள் பொறியாளர் மேசையைத் தட்டிச் சொன்னார். என்னிடம் யாரும் தீர்ப்புக் கேட்கவில்லை. கேட்காதது நியாயம்தான்.

கிளம்பும் நாள் வசந்திக்குக் காலை வேலை. டாக்சி பிடிக்கலாம் என்று பெட்டியை வாசலுக்கு இழுத்தபோது, செல்வநாதன் அங்கிளின் கார் வந்து நின்றது.

"கொண்டுபோய் விடுறன் எண்டு சொன்னனான். சொன்னாச் சொன்னதுதான்" என்றார். பெட்டியை அவரே தூக்கி வைத்தார்.

நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம், இரண்டு பேரும் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. விமான நிலையம் நெருங்கும்போது தொண்டையைச் செருமினார்.

"நீங்கள் செய்தது பிழை. சபையில வைச்சு என்னை அவமதிச்சுப் போட்டியள்."

"உங்களை அவமதிக்கல அங்கிள். மன்னிப்பும் கேட்க மாட்டேன்."

"கேக்கச் சொல்லேல்லை." காரை நிறுத்தினார். இறங்கவில்லை. "நான் ஊரில நீர்ப்பாசன இலாகாவில இருவத்தஞ்சு வருசம் வேலை செய்தனான். குளங்கள் தூர்வாரினனான். ரெண்டு நாளா ஒரு விசயம் மண்டைக்குள்ள குடையுது. அள்ளின மண்ணை அவங்கள் என்ன செய்தவங்கள்? கரையில போட்டால் அடுத்த மழைக்குத் திரும்ப ஆத்துக்குள்ளதானே வரும்? அணை கட்டினவங்களோ?"

அந்தக் கேள்வியை அந்த ஊரில் வேறு யாருமே கேட்கவில்லை. ஏதாவது சொல்லி அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று ஒரு கணம் நாக்கு துடித்தது.

"தெரியாது அங்கிள். நான் படிச்ச ஏட்டுல இல்ல."

"இருக்கலாம் எண்டாவது..."

"தெரியாது."

அவர் இறங்கிப் போய், பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்.

"தெரிஞ்ச ஆக்களிட்டக் கேட்டு எனக்கு எழுதுங்கோ" என்றார். "அவையிட்டக் கேட்டு."